தரையிறங்கத் தவறினார்

இதை எனக்குச் சொன்னது பேச்சியம்மாள். நான் அந்த அறையில் இல்லை, அந்த ஒளிபரப்பையும் அன்று பார்க்கவில்லை. வடபழனியில் நாங்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில், துணி மடித்துக்கொண்டும் பாத்திரம் கழுவிக்கொண்டும் அவள் விட்டுவிட்டுச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். அவள் மனதுக்குள் ஓடியதாக எழுதியிருப்பதில் பெரும்பகுதி அவளே சொன்னது. சில இடங்களில் “அப்ப என்ன நினைச்சேன்னு ஞாபகம் இல்ல” என்றாள். அங்கே நானாக நிரப்பியிருக்கிறேன். அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி, என் வீட்டில் நான். அதனால் அவள் எதற்கெல்லாம் பயப்படுவாள் என்று எனக்கு ஓரளவு தெரியும். அந்த அளவுக்கு மேல் நிரப்பவில்லை.

வெளியே கிண்டியில் வெயில் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருக்க, உள்ளே பேச்சி ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாள். பனியைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு ஏசியை இவ்வளவு வைக்கவேண்டுமா என்று முதல் நாளே கேட்க நினைத்து, கேட்டால் இவளுக்கு ஏசி பழக்கமில்லை என்று நினைத்துக்கொள்வார்களோ என்று கேட்காமல் விட்டிருந்தாள், அப்படி விட்டவை இந்த அலுவலகத்தில் நிறைய, காபி இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதுகூட இன்னும் நிச்சயமில்லை. எதிரே திரை, அதைப் பார்த்துத் தமிழில் நேரலை வர்ணனை சொல்வதுதான் அவள் வேலை. திரையில் ஐரோப்பாவில் ஏதோ ஒரு மலை, உலக ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங் போட்டி, பெண்களுக்கான ஏரியல்ஸ். ஒருத்தி உச்சியிலிருந்து சறுக்கி வருகிறாள், பனியால் கட்டிய மேடு ஒன்று அவளை அப்படியே ஆகாயத்துக்குத் தூக்கி எறிகிறது, கால்களில் நீளக் கட்டைகளோடு மூன்று முறை சுழன்று, கீழே சரிவில் வந்து நிற்கிறாள். நிற்காவிட்டால் விழுகிறாள். ஆனால் விழுகிறாள் என்று சொல்லக் கூடாது. அது நம்பிராஜன் சார் போட்ட விதி. மொழிப்பிரிவுக்கு அவர்தான் தலைவர், கிரிக்கெட் வர்ணனையிலிருந்து வந்தவர். “விழுந்தார்னு சொன்னா என்னமோ தெருவுல வழுக்கி விழுந்த மாதிரி இருக்கும்மா. அவங்கல்லாம் வீராங்கனைங்க. தரையிறங்கத் தவறினார்னு சொல்லுங்க, ஒரு கௌரவம் இருக்கும்.” குட்டிக்கரணம் என்ற சொல்லுக்கும் தடை, அது குரங்கு போடுவது, இங்கே சுழற்சி. பேச்சி இவற்றைக் குளியலறையில் வாளித் தண்ணீரின் இரைச்சலுக்கு மேல் சொல்லிப் பழகியிருந்தாள். மதியத்திலிருந்து இரண்டு மூன்று பேர் தரையிறங்கத் தவறியும் இருந்தார்கள், ஒவ்வொரு முறையும் சரியாகவே சொல்லியிருந்தாள், சொன்ன பிறகு ஒரு தேர்வில் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி முடித்த மாதிரி இருந்தது.

பக்கத்தில் ஞானதாஸ் சார். நாகர்கோவில்காரர், நீச்சல் குளத்தில் டைவிங் சொல்லிக்கொடுப்பவர். தமிழ் பேசுகிற ஸ்கீயிங் ஆள் யாரும் கிடைக்காததால் காற்றில் சுழல்கிற விஷயம் தெரிந்தவராவது இருக்கட்டும் என்று நிபுணராகக் கூட்டி வந்திருந்தார்கள். அவருக்கு அதில் கூச்சமே கிடையாது. “மக்களே, பனின்னா என்ன, தண்ணிதான, கொஞ்சம் கெட்டியா கெடக்கு” என்பார். நம்பிராஜன் சாரின் தடையையும் மதிப்பதில்லை, “அழகான குட்டிக்கரணம்!” என்று நேரலையிலேயே கத்துவார். அவரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அவர் விழுந்தார் என்று சொல்லலாம், நான் சொல்லக் கூடாது, எனக்கு ஒப்பந்தம் இந்தப் போட்டி முடிகிற வரைதான் என்று பேச்சி நினைத்துக்கொண்டாள், நினைத்ததில் கோபம் இல்லை, கணக்குதான். காதுக்குள் நசீமாவின் குரல், அவள்தான் தயாரிப்பாளர், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள். “பேச்சி, அடுத்து கஜகஸ்தான். பேரைப் பாத்துச் சொல்லு. சௌ-லே.” மைக்கை அணைத்துவிட்டு ஞானதாஸ் சார், “என்னது, சவ்வரிசியா?” என்றார். சௌலே என்றால் அவர்கள் மொழியில் ஒளிக்கதிர் என்று பேச்சி முந்தின நாளே தேடி வைத்திருந்தாள். “கதிர்னு கூப்புடலாம் அப்பம். எங்க மைனி பேரு” என்றார் அவர்.

சௌலே மேலே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள், அது பேச்சிக்குப் பிடித்தது, அவளும் அப்படித்தான், கல்லூரி நேர்முகத்துக்கு, இந்த வேலைக்கு, சுடிதாரில் வியர்வைக் கறை படிகிற அளவுக்குத் தேய்ப்பாள். கீழே சரிவில் பச்சையாக எதையோ தூவியிருந்தார்கள். குப்பை என்று முதலில் நினைத்திருந்தாள். குப்பையில்லை, ஊசியிலை மரத்துக் கொப்புகளை ஒடித்துப் போடுகிறார்களாம், தலைகீழாகச் சுழன்று வருகிறவளுக்கு எல்லாம் வெள்ளையாக இருக்கும், ஆகாயம் எது தரை எது என்று தெரியாது, அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். இதைப் படித்ததிலிருந்து பேச்சிக்கு அந்தக் கொப்புகள்மேல்தான் கண் போனது. சென்னைக்கு வந்த புதிதில் எனக்கும் இப்படி எதையாவது தூவி வைத்திருந்தால், சரி, அது வேறு, இப்போது பேசு என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். “சௌலேவுக்கு இதுதான் முதல் உலகப் போட்டி. இதோ கிளம்பிட்டாங்க.” சௌலே சறுக்கினாள், மேட்டில் ஏறினாள், எழுந்தாள். மேலே அவள் இருந்த நேரத்தில் பேச்சி சுழற்சிகளை எண்ணினாள், ஒன்று, இரண்டு, மூன்றாவது சுழற்சி பாதியிலேயே கீழே பச்சை வந்துவிட்டது. முதுகும் பின்தலையும் ஒன்றாகப் போய்ப் பனியில் அடித்தன. ஒரு கட்டை கழன்று தனியாக ஓடியது. அவள் உருண்டு, சறுக்கி, ஒரு பக்கமாக மடங்கி, அசையாமல் கிடந்தாள். “சௌலே… தவறிட்டாங்க” என்றாள் பேச்சி.

ஞானதாஸ் சார் “ஐயோ” என்றார், அது ஒளிபரப்பில் போனது. பிறகு மைக்கை அணைத்து, இவள் பக்கம் முழுசாகத் திரும்பி, “மக்களே, என்ன சொல்லிட்ட?” என்றார். என்ன சொன்னேன்? சரியாகத்தானே சொன்னேன். தரையிறங்க. தரையிறங்க எங்கே? சொன்னேனா, சொல்லவில்லையா, வாயில் இருந்தது, நாக்கின்மேல் இருந்தது, அடித்த அடியில் உள்ளே போய்விட்டது. தவறிட்டாங்க மட்டும் வெளியே வந்திருக்கிறது. செல்லப்பா மாமா தவறிட்டாரு. ஊரில் யாரும் செத்துப்போனார் என்று போனில் சொல்லமாட்டார்கள், தவறிட்டாரு என்பார்கள். சின்ன வயதில், வாசலில் வந்து நின்ற ஆள் அப்படிச் சொன்னபோது பேச்சி, “எங்க தவறுனாரு, போய்த் தேடலாம்ல?” என்று கேட்டாள். ஆடுதானே தவறிப்போகும், சில்லறைதானே தவறிப்போகும், தேடினால் கிடைக்கும். பிறகு துக்க வீட்டில் யாரோ அதைச் சொல்ல, அழுதுகொண்டிருந்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள், சிரித்துவிட்டு இன்னும் கூடுதலாக அழுதார்கள். அந்தச் சொல்லின் இரண்டு அர்த்தமும் அன்றைக்கே தெரியும். தெரிந்தே எப்படி. மரியாதையாகச் சொல்லப்போய். விழுந்துட்டா என்று சொல்லியிருந்தால் ஒன்றுமில்லை, யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள், நம்பிராஜன் சார் மட்டும் பார்த்திருப்பார்.

திரையில் இப்போது சௌலே இல்லை. அப்படித்தான் செய்வார்களாம், அடி பலமாக இருந்தால் மறுபடி காட்டமாட்டார்கள், கேமராவைத் தூரமாக எடுத்துக்கொண்டு போய் மலையைக் காட்டுவார்கள். மலை, கொடிகள், தொப்பி போட்ட கூட்டம், எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தபடி. அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஓரத்தில் பார்வையாளர்கள் எழுதுகிற பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. தமிழ் ஒளிபரப்புக்குக் கூட்டம் குறைவு, மதியத்திலிருந்து “சூப்பர்”, “மதுரையிலிருந்து வணக்கம்” என்று சோம்பலாக நகர்ந்தது இப்போது வேகமாக ஓடியது. ஆழ்ந்த இரங்கல். ஆழ்ந்த இரங்கல்கள். ஓம் சாந்தி. கும்பிடுகிற கைகள். சின்ன வயசு பாவம். அதன் நடுவே நார்வேயிலிருந்து ஈழத்தமிழர் ஒருவர்: “இஞ்ச ரிவியில அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே தங்கச்சி. உங்களுக்கு ஆர் சொன்னது?” யார் சொன்னது. யாரும் சொல்லவில்லை அண்ணா, என் வாய்தான் சொன்னது. காதுக்குள் நசீமா, “இரங்கல் கிரங்கல்னு எதையும் தொடாத. நாம ஒண்ணும் சொல்லல. சொன்னதே இல்ல. புரியுதா? பேசு. காத்தைப் பத்திப் பேசு. கேப் விடாத.”

பேச்சி காற்றைப் பற்றிப் பேசினாள். அது அவளுக்குத் தெரியும். அவள் அப்பா கயத்தாற்றில் காற்றாலைக் காவல்காரர். இறக்கை சுற்றுகிற சத்தத்தை வைத்தே இன்று மழை தள்ளிப்போகுமா என்று சொல்வார். தினம் போனில் முதலில் கேட்பது சாப்பிட்டாயா என்று இல்லை, அங்க காத்து எப்படி தாயி. இந்த விளையாட்டில் காற்றைப் பார்த்துத்தான் குதிக்கவிடுகிறார்கள் என்று சொன்னபோது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். “கொடி அசையிற திசையைப் பாருங்க, எதிர்க்காத்து இருந்தா வேகம் கொறையும், மேட்டுல ஏறுறப்போ உயரம் கிடைக்காது” என்று அவள் வாய் சொல்லிக்கொண்டிருந்தது, ஒழுங்காகவே சொன்னது, அந்த வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, அதுதான் ஆச்சரியம். உள்ளே வேறொன்று ஓடியது. கருநாக்கு. அந்தச் சொல் வரக் கூடாது என்று அதுவரை ஒரு மூலையில் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள், காற்று என்று சொல்லும்போது வந்துவிட்டது. சின்ன வயதில் பக்கத்து வீட்டு மூக்கம்மாளின் ஆடு, ஈன முடியாமல் படுத்திருந்தது, கண் மேலே சொருகியிருந்தது, பார்த்ததைத்தான் சொன்னாள், இது பிழைக்காது. பிழைக்கவில்லை. மூக்கம்மாள் வந்து இவள் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள், மண்ணெண்ணெய் வாடை அடித்த விரல்கள், “ஆத்தாடி, கருநாக்கு! உள்ள கறுப்பா கெடக்கே. இந்தப் புள்ளைக்குப் பேச்சின்னு பேரு வச்சிருக்கீகளே, ஊமைச்சின்னு வச்சிருக்கலாம்ல.” எல்லோரும் சிரித்தார்கள், அப்பாகூடச் சிரித்தார். பேச்சி அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டியதே இல்லை. நீட்டினால் தெரிந்துவிடும். இருக்கிறது என்று தெரிந்தாலும் கஷ்டம், இல்லை என்று தெரிந்தால், அப்புறம் இத்தனை வருஷம் ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே விட்டது எதற்கு. அந்தப் பழக்கத்தால்தான் தமிழில் நல்ல மதிப்பெண் வந்தது, அந்த மதிப்பெண்ணால்தான் இந்த நாற்காலி. இயற்பியலில் பட்டம் வாங்கியவளுக்கு நாக்கால் ஆகாயத்தில் இருப்பவளைத் தள்ள முடியாது என்று தெரியும். அவள் விழுந்த பிறகுதான் நான் சொன்னேன். விழுந்த பிறகுதான். ஆனால் செத்த பிறகு சொன்னேனா, சொன்ன பிறகு.

மேசையில் கவிழ்த்து வைத்திருந்த போன் அதிர்ந்தது. நிமிர்த்திப் பார்த்தாள். அப்பா. எழுதத் தெரியாததால் குரலாக அனுப்புவார். கேட்க முடியாது, காதில் நசீமா இருக்கிறாள். அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார், காற்றாலைக்கடியில் தகரக் கொட்டகையில், போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து. அவரும் கேட்டிருப்பார். அவர் ஊரில் ஆளைப் பற்றி இந்தச் சொல்லைச் சொன்னால் ஒரே அர்த்தம்தான். அவர் என்ன நினைத்திருப்பார், என் மகள் எவ்வளவு பதமாகச் சாவைச் சொல்லிவிட்டாள் என்றா. அல்லது மூக்கம்மாளை நினைத்தாரா. சரி, திருத்திச் சொல்லிவிடலாம். என்னவென்று? அவங்க உயிரோட இருக்காங்க, நல்லா இருக்காங்க, யாரும் பயப்பட வேண்டாம். சொல்லலாம், எல்லோரும் நிம்மதியாவார்கள், பெட்டியில் கும்பிடுகிற கைகள் நிற்கும். ஆனால் எனக்கு அது தெரியாது. தெரியாத ஒன்றைச் சொன்னேன், அதற்குப் பதிலாகத் தெரியாத இன்னொன்றைச் சொல்லப்போகிறேன். ஒருவேளை இந்த நிமிஷம் அந்தக் கூட்டம் பார்க்கிற பக்கத்தில். எனக்கு என்னதான் தெரியும்? அவள் மேலே போனாள். பச்சைக் கொப்புகள் சீக்கிரம் வந்துவிட்டன. விழுந்தாள். அவ்வளவுதான் தெரியும், அந்த ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை.

“கொஞ்சம் இருங்க” என்றாள் பேச்சி. அது ஒளிபரப்பில் போனது, யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. “ஒரு விஷயம் சொல்லணும். கொஞ்சம் முன்னாடி சௌலே தவறிட்டாங்கன்னு சொன்னேன். தரையிறங்கத் தவறிட்டாங்கன்னு சொல்ல வந்தேன். நீங்க வேற மாதிரி எடுத்திருக்கீங்க, அப்படி எடுக்கிற மாதிரிதான் நான் சொன்னேன். அவங்க விழுந்துட்டாங்க. கீழ விழுந்துட்டாங்க. அதுக்கு மேல எனக்கு எதுவும் தெரியாது. எப்படி இருக்காங்கன்னு இங்க யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா சொல்றேன். இரங்கல் எழுதுறவங்க தயவுசெஞ்சு நிறுத்துங்க.” காதுக்குள் நசீமா, “பேச்சி!” என்றாள். அதற்குள் ஞானதாஸ் சார் மைக்கைப் போட்டார். “நான் ஒண்ணு சொல்லுதேன். எங்க குளத்துல பிள்ளைய மேலருந்து மல்லாக்க வந்து தண்ணியில அடிச்சா மூச்சு அடைச்சிரும். கண்ணு தொறந்து கெடக்கும், பேச்சு வராது, கூப்புட்டா கேக்காது. நமக்கு உசிரு போயிரும். பொறவு அதுவே எந்திரிச்சு, சாரே பசிக்கின்னு சொல்லும். எல்லாரும் அப்பிடித்தான்னு சொல்லல. நானும் பாத்தது இவ்வளவுதான்.” பெட்டியில் நார்வேக்காரர் எழுதினார்: “சரி தங்கச்சி. பாத்துக்கொண்டிருக்கிறம்.”

கேமரா மெல்லத் திரும்பி வந்தது. சிவப்புச் சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் ஒரு சறுக்கு வண்டியைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினார்கள். வண்டியில் போர்வை, பட்டைகள், போர்வைக்கு வெளியே ஒரு கையுறை. ஞானதாஸ் சார் பேச்சியின் கையைப் பிடித்து, மைக்கில் விழாதபடி, “அசஞ்சுது பாத்தியா? சொல்லு மக்களே, கை அசஞ்சுதுன்னு சொல்லு” என்றார். பேச்சி பார்த்தாள். வண்டி குலுங்கியது, கையுறையும் குலுங்கியது. “சறுக்கு வண்டியில கொண்டு போறாங்க. போர்வை போத்தியிருக்கு, முகம் தெரியல. கை குலுங்குது, வண்டி குலுங்குறதால இருக்கலாம்” என்றாள். ஞானதாஸ் சார் தலையில் அடித்துக்கொண்டார். “வெளங்கும். நீயெல்லாம் பொய் சொல்லி எப்பம் பொழைக்கப்போற?” வண்டி கூட்டத்துக்குப் பின்னால் போய் மறைந்தது. மண்வெட்டியோடு சிலர் சரிவுக்கு வந்து, அவள் விழுந்து ஏற்பட்ட பள்ளத்தைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கினார்கள், அதன் மேல் புதிதாகக் கொப்புகளை எறிந்தார்கள். பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. மேலே அடுத்தவள் வந்து நின்றாள். செக் நாட்டுக்காரி. அவள் உள்ளங்கையைத் தேய்க்கவில்லை. போட்டி தொடர்ந்தது, பேச்சியும் தொடர்ந்தாள், அந்தச் சுற்றில் அதன் பிறகு இன்னொருத்தி சமாளிக்க முடியாமல் உட்கார்ந்தபோது, “விழுந்துட்டாங்க, எந்திரிச்சிட்டாங்க” என்றாள், இரண்டையும் ஒரே மூச்சில்.

இடைவேளையில் நசீமா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “தொடாதன்னு சொன்னேன்ல?” பேச்சி ஆமாம் என்றாள். “மேல என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாது” என்ற நசீமா, போகாமல் நின்று, “அந்தப் பொண்ணைப் பத்தி எதுவும் வரல. கேட்டிருக்கேன்” என்றாள். பிறகு, “தண்ணி குடி. அடுத்த ரவுண்டு இருக்கு.” வேலை போகவில்லை என்கிறாளா, இன்றைக்கு மட்டும் இரு என்கிறாளா. கேட்கவில்லை. மாடிப்படிக்குப் போய்ப் போனைக் காதில் வைத்தாள். முதலில் காற்று இரைகிற சத்தம், பிறகு அப்பா, மைக்குக்கு மிக அருகில், கத்தி: “தாயி, அந்தப் புள்ள எந்திரிச்சிருச்சா? மலையவே காட்டிக்கிட்டு கெடக்கான். அவுக அப்பன் அம்மா பாத்துக்கிட்டு இருப்பாகள்ல. எந்திரிச்சதும் எனக்கு ஒரு சத்தம் குடு.” வேறு ஒன்றும் இல்லை. இரண்டாவது முறை கேட்டபோதும் இல்லை. பதிலுக்கு என்ன சொல்வது என்று வாய்க்குள் வைத்துத் திருப்பிப் பார்த்தாள். “இன்னும் தெரியலப்பா” என்று சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே போனாள்.

அவள் சொன்னது அத்தோடு முடிகிறது. இரண்டு விஷயங்களை நான் பிறகு சரிபார்த்தேன். சௌலேவுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது, தலையில் அடிபட்டு ஒரு இரவு முழுக்க நினைவு தடுமாறியிருந்தது. அடுத்த கோடையில் எடுத்த ஒரு சின்ன வீடியோ கிடைத்தது. இவர்கள் கோடையில் சறுக்குமேட்டிலிருந்து நீச்சல் குளத்துக்குள் குதித்துப் பழகுவார்களாம். அதில் அவள் குதிக்கிறாள், தண்ணீரில் அடித்துக்கொண்டு விழுகிறாள், மேலே வந்து மூக்கைச் சிந்துகிறாள். பேச்சி அதை அப்பாவுக்கு அனுப்பினாள். இன்னொன்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்து நாக்கை நீட்டச் சொன்னேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நீட்டினாள். இருக்கிறது. வலது ஓரத்தில், கடைவாய்ப் பல் உரசுகிற இடத்தில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு மச்சம். நிறம் பழுப்பு.